விமானியின் தவறு என்று எழுதிக் கோப்பை மூட முடியாது

கோழிக்கோடு விமான விபத்துக்கு யார் காரணம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: விமானி. 2021 செப்டம்பரில் இறுதி விசாரணை அறிக்கை வெளியானபோது தலைப்புச் செய்திகளும் இதையே சொல்லின. விதியை மீறினார், ஓடுபாதையின் பாதி வரை பறந்துபோய் இறக்கினார், விமானம் நிற்கவில்லை, 21 பேர் இறந்தார்கள். இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று விஷயம் தெரிந்தவர்களே கேட்கிறார்கள்.

பேச நிறைய இருக்கிறது. இந்தப் பதிலைப் பொய் என்று நான் சொல்லவில்லை. விபத்தின் கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்துச் சொன்ன பதில் இது. அதற்கு முன்னால் நடந்தவற்றை, அவற்றில் சில ஆண்டுக்கணக்காக நடந்தவை, இந்தப் பதில் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. மங்களூரில் இப்படித்தான் ஒருமுறை கோப்பை மூடினோம். பத்தாண்டு கழித்துக் கோழிக்கோட்டில் அதையே மறுபடி பார்த்தோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஆகஸ்ட் 7, இரவு ஏழரை மணி தாண்டியிருந்தது. கொரோனா காலத்தில் வளைகுடாவில் சிக்கிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு நடத்திய வந்தே பாரத் திட்டத்தில், துபாயிலிருந்து வந்துகொண்டிருந்தது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 1344. போயிங் 737-800 ரகம். பயணிகள் 184 பேர், பணியாளர்கள் 6 பேர். கோழிக்கோட்டு விமான நிலையம் இருப்பது கரிப்பூரில். மேட்டின் தலையைச் சமன்படுத்திப் போட்ட ஓடுபாதை. இரு முனைகளுக்கு அப்பாலும் பள்ளம். நல்ல மழை. 28 என்று எண்ணிடப்பட்ட முனையிலிருந்து, மேற்கு நோக்கி இறங்க முதல் முயற்சி. அது கைகூடாமல் விமானம் மேலேறியது. அடுத்த முறை அதே ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து, அதாவது 10-இல், கிழக்கு நோக்கி இறங்கினார்கள். 8,858 அடி நீள ஓடுபாதையில் 4,438 அடி கடந்த பிறகுதான் சக்கரங்கள் தரையைத் தொட்டன. அப்போது தரைவேகம் 165 நாட். முதுகுப்பக்கம் தள்ளிய காற்று 14 நாட். ஓடுபாதையின் விளிம்பை 84.5 நாட் வேகத்தில் தாண்டி, அதை அடுத்த பாதுகாப்புப் பரப்பையும் தாண்டி, வேலியை உடைத்துக்கொண்டு, சுமார் 110 அடி கீழே இருந்த சுற்றுச்சாலையில் விழுந்து மூன்று துண்டாகியது. இறக்கைகளிலிருந்து எரிபொருள் கசிந்தும் தீப்பிடிக்கவில்லை. விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள்.

எதிர்த்தரப்பின் வாதம் வலுவற்றது அல்ல. தலைமை விமானி அனுபவசாலி. அந்த ஓடுபாதையில் அதே போன்ற வானிலையில் பலமுறை இறங்கியவர். இறங்குமுகம் சீராக இல்லை என்பது கருவிகளில் தெரிந்தது. துணை விமானி மேலேறச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகு வாதத்துக்கே இடமில்லை, மேலேறியாக வேண்டும். எந்த நிறுவனத்திலும் விதி அதுதான். அருகில் வேறு விமான நிலையங்கள் இருந்தன, எரிபொருளும் இருந்தது. அதே ஓடுபாதையில் அதே மழைக்காலத்தில் மற்ற விமானிகள் பத்திரமாக இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விமான விபத்துகளை விசாரிக்கும் அரசுப் பணியகமே விதிமீறலைத்தான் விபத்துக்கான காரணமாக எழுதியது. இவ்வளவு இருக்கும்போது நிர்வாகம், நிலையம், கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று பழியைப் பரப்பினால், கடைசியில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்கிறார்கள்.

இதில் சொல்லப்பட்ட தகவல் எதையும் நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எடுத்த முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. அறிக்கை அங்கே நிற்கவில்லை.

அறிக்கையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் ஒரு பத்தியோடு நிறுத்திவிடுகிறார்கள். சீரற்ற இறங்குமுகத்தைத் தலைமை விமானி கைவிடாமல் தொடர்ந்ததையும், துணை விமானி கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுத்து மேலேறாததையும் காரணமாகச் சொன்ன அதே இடத்தில், அமைப்பு ரீதியான தோல்விகளின் பங்கை ஒதுக்கிவிட முடியாது என்றும் அறிக்கை சொல்கிறது. அதன் பிறகு துணைக்காரணங்கள் வரிசையாக வருகின்றன: பணியாளர் ஒதுக்கீடு, பயிற்சி, பராமரிப்பு, கோபுரத்தில் எடுத்த முடிவு, காற்றை அளக்கும் கருவி, மேற்பார்வை. முதல் பத்தியைத் தலைப்பாக்கி மற்றதை விட்டுவிட்டால் அதற்கு அறிக்கையைப் படித்ததாகப் பொருள் இல்லை. இந்த மறுப்புக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அறிக்கை பொதுவெளியில் இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம்.

2. "தவறு செய்தார்" என்றால் விசாரணை அங்கேதான் தொடங்க வேண்டும்.

அனுபவமுள்ள ஒருவர், தன் உயிரும் அதே விமானத்தில் இருக்கும்போது, ஏன் அப்படிச் செய்தார்? இந்தக் கேள்வியைக் கேட்காத விசாரணை காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கையோடு நின்றுபோன வழக்குதான்.

அறிக்கை இதற்குத் தரும் பதில்களில் ஒன்றை நான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து புறப்பட வேண்டிய ஒரு விமானத்தையும் இவர்தான் ஓட்டியாக வேண்டும். அன்றிரவு வேறு ஊருக்குப் போய் இறங்கினால், பணிநேர விதிப்படி ஓய்வு எடுத்துவிட்டு, மறுநாள் காலை விமானத்துக்கு வந்து சேர முடியாது. அதனால் எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்திருக்கிறது என்கிறது அறிக்கை. சரி, அவர் இல்லாவிட்டால் வேறொருவர் ஓட்டட்டுமே? வேறொருவர் இல்லை. கோழிக்கோட்டில் பணியமர்த்தப்பட்டிருந்த துணை விமானிகள் 26 பேர். தலைமை விமானி ஒரே ஒருவர்.

26-க்கு 1. இந்தக் கணக்கைப் போட்டவர் அன்றிரவு விமானியறையில் இல்லை, மழையில் நனையவும் இல்லை. பணியாளர் ஒதுக்கீடு செய்யும் ஓர் அலுவலகத்தில், முன்கூட்டியே எடுத்த முடிவு அது. ஒரு விமானி ஊர் திரும்பாவிட்டால் மறுநாள் ஒரு விமானமே புறப்படாது என்ற நிலையை நிர்வாகம்தான் உண்டாக்கியது. அவர் பாதுகாப்பைவிட ஊர் திரும்புவதைப் பெரிதாக நினைத்தார் என்று குற்றம் சாட்டும்போது, அதைப் பெரிதாக்கிய கணக்கை விட்டுவிடுவது எந்த நியாயம்?

இன்னொன்றும் உண்டு. அவர் சர்க்கரை நோய்க்காக, மருத்துவர் எழுதித்தராத மாத்திரைகள் பலவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தார் என்றும், அதனால் ரத்தத்தில் சர்க்கரை சற்றே குறைந்து சிந்தனை நுட்பமாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் அறிக்கை சொல்கிறது. "பார்த்தீர்களா, அதுவும் அவர் தவறு" என்று உடனே எடுத்துக்காட்டுகிறார்கள். விமானியின் உரிமம் உடல்தகுதிச் சான்றைப் பொறுத்தது. சான்று போனால் சம்பாத்தியமும் போகும். நோயை மறைத்தால் வேலை நிலைக்கும், சொன்னால் பறிபோகும் என்ற பயம் ஒரு தொழிலில் இருந்தால், அங்கே ஆளுக்கொரு மாத்திரைப் பட்டை பைக்குள் இருக்கத்தான் செய்யும். ஒருவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டால் அந்தப் பட்டைகள் வெளியே வந்துவிடாது. இன்னும் ஆழமாக ஒளித்துவைக்கப்படும்.

3. ஓடுபாதையை மாற்றியது யார்? காற்றை அளந்தது யார்?

முதல் முயற்சி தோற்ற பிறகு 10-ஆம் முனையிலிருந்து இறங்கும் யோசனை வானத்தில் பிறக்கவில்லை. அதே நேரத்தில் இன்னொரு விமானம் புறப்படக் காத்திருந்தது. அதை அனுப்பி வைப்பதற்காகக் கோபுரத்தில் இருந்த கட்டுப்பாட்டாளர் அவசரமாக ஓடுபாதைத் திசையை மாற்றினார். மழையில் நனைந்த ஓடுபாதையில் பின்காற்றோடு இறங்கவரும் விமானத்துக்கு இந்த மாற்றம் என்ன செய்யும் என்று அவர் உணரவில்லை, பலமான பின்காற்று இருக்கிறது என்று எச்சரிக்கவும் இல்லை என்கிறது அறிக்கை. விமானி அந்தத் திசையை ஏற்றுக்கொண்டார், அது உண்மை. ஆனால் எந்தத் தகவலை நம்பி ஏற்றுக்கொண்டார்?

கோபுரம் தந்த காற்றின் வேகம் 8 நாட். சக்கரம் தரை தொட்டபோது உண்மையில் இருந்த பின்காற்று 14 நாட். 10-ஆம் முனைப் பக்கத்துக் காற்றளவைக் கருவியைப் பொருத்திய இடமே விதிமுறைக்கு முரணானது. அதனால் அளவின் துல்லியம் பாதிக்கப்பட்டது. கோபுரத்தில் இருக்க வேண்டிய வானிலை ஊழியரும் அந்த நேரத்தில் அங்கே இல்லை.

ஆறு நாட் வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் மிதப்பதற்கு வேண்டியது காற்றோடு ஒப்பிட்ட வேகம். பிரேக் எதிர்கொள்வது தரையோடு ஒப்பிட்ட வேகம். அன்று தரைவேகம் 165 நாட், அதில் 14 நாட் பின்காற்றின் கொடை. காற்றே வீசாதிருந்தால் 151. அதே காற்று எதிரே வீசும்படி இறங்கியிருந்தால் 137. நிறுத்துவதற்கு உறிஞ்ச வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 165-ஐயும் 137-ஐயும் வர்க்கப்படுத்தி வகுத்துப் பாருங்கள். விமானம் அதுவே, எடை அதுவே, விமானியும் அவரே. திசை ஒன்று மாறியதால் மட்டும் நூற்றுக்கு 45 பங்கு கூடுதல் ஆற்றலை ஈரமான ஓடுபாதையில் கரைக்க வேண்டியிருந்தது. அதுவும் பாதி ஓடுபாதை கழிந்த பிறகு, மிச்சமிருந்த 4,420 அடிக்குள்.

பாதியைக் கடக்க விட்டது விமானியின் தவறு. அந்த 45 பங்கில் கோபுரத்துக்கும், கருவியைத் தப்பான இடத்தில் நட்டவருக்கும், நட்டதைச் சரியென்று ஏற்றுக்கொண்டவருக்கும் பங்கு இருக்கிறது.

கண்ணாடித் துடைப்பான் சங்கதியையும் இங்கேயே சொல்லிவிடலாம். தலைமை விமானியின் பக்கத்துத் துடைப்பான் முதல் முயற்சியின்போது 27 விநாடி ஓடிவிட்டு நின்றுபோனது. இரண்டாம் முறை ஓடியது, ஆனால் வழக்கமான வேகத்தில் இல்லை. இரவு, மழை, கண்ணாடியில் நீர்த்திரை, இருபுறமும் பள்ளமானதால் கண்ணுக்குப் பிடிமானம் தராத ஓடுபாதை. இந்தச் சூழலில் உயரமும் தூரமும் கண்ணை ஏமாற்றும். அறிக்கையும் அந்தச் சாத்தியத்தைக் குறிப்பிடுகிறது. வேலை செய்யாத துடைப்பானோடு அந்த மழையில் இறங்கப் பார்த்தது தப்பான முடிவுதான். துடைப்பான் வேலை செய்யாமல் போனது பராமரிப்பில் ஏற்பட்ட கோளாறு. முதலாவதை மட்டும் எழுதுகிற பேனா இரண்டாவதை ஏன் எழுதுவதில்லை?

4. துணை விமானி ஏன் கைவைக்கவில்லை? இதற்கான பதில் 2010-லேயே எழுதப்பட்டுவிட்டது.

என் மறுப்புகளில் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

2010 மே 22. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. துபாயிலிருந்து மங்களூருக்கு. அதே போயிங் 737-800 ரகம். மங்களூரிலும் மேட்டின் மேல் போட்ட ஓடுபாதை. நீளம் 8,033 அடி. சக்கரம் தரை தொட்டது 5,200 அடி கடந்த பிறகு. மேலேறும்படி துணை விமானி மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. தலைமை விமானி கேட்கவில்லை. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

அன்றும் "விமானியின் தவறு" என்றார்கள். பறக்கும்போது தலைமை விமானி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியது ஒலிப்பதிவில் தெரியவந்ததால் அந்தத் தீர்ப்பை யாரும் கேள்வி கேட்கவும் இல்லை. ஆனால் ஏர் மார்ஷல் பி.என். கோகலே தலைமையிலான விசாரணை நீதிமன்றம் இன்னொன்றையும் எழுதிவைத்தது. மேலேறும் முடிவைத் துணை விமானியே எடுத்துச் செயல்படுத்தலாமா என்பது பற்றி இருந்த பல்வேறு அறிவுறுத்தல்களில் தெளிவில்லை. அதனால்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை போலும் என்றது. நிலையத்தின் ரேடார் பழுதாகியிருந்ததால் அந்த விமானம் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கீழிறங்க வேண்டியிருந்தது என்பதையும் குறித்தது.

பத்தாண்டு போனது. அதே நிறுவனம், அதே ரகம், புறப்பட்ட ஊரும் அதே ஊர், மேட்டு ஓடுபாதை, பாதியைத் தாண்டிய தரையிறக்கம், மேலேறச் சொன்ன துணை விமானி, கேட்காத தலைமை விமானி, கட்டுப்பாட்டைத் தொடாத இளைய கை. விமானியறைக்குள் இருவருக்கும் இடையில் அதிகார ஏற்றத்தாழ்வு செங்குத்தாக இருந்தது என்கிறது கோழிக்கோடு அறிக்கை. மூத்தவர் வயதில் பெரியவர், அனுபவத்தில் பெரியவர், விமானப்படையிலிருந்து வந்தவர். இளையவர் "மேலே போங்கள்" என்று சொல்லலாம். சொன்னதைக் கேட்காவிட்டால் அவர் கையிலிருந்து பிடியைப் பிடுங்க வேண்டும். நம் ஊரில் எந்த அலுவலகத்தில் இருபது ஆண்டு மூத்தவர் கையிலிருந்து கோப்பைப் பிடுங்க ஓர் இளையவர் துணிவார்? அந்தத் துணிவு தானாக வராது. நூறு முறை சிமுலேட்டரில் பழக்கித்தான் வரவழைக்க வேண்டும். இப்படிச் செய்தால் நிறுவனம் என் பக்கம் நிற்கும் என்ற உறுதியைக் கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். அந்தப் பயிற்சி போதவில்லை என்பதைத்தான் இரண்டாவது அறிக்கையும் சொல்கிறது.

இரண்டு வேறு தலைமை விமானிகள், இரண்டு வேறு துணை விமானிகள், ஒரே நாடகம். நடிகர்கள் மாறியும் காட்சி மாறவில்லையென்றால் எழுதியவரைத் தேடாமல் நடிகர்களையே திட்டிக்கொண்டிருப்பது எப்படிச் சரியாகும்? "விமானியின் தவறு" என்ற விளக்கம் முழுமையானதாக இருந்தால், மங்களூர் விமானி இறந்ததோடு காரணமும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

5. "மற்றவர்கள் தினமும் பத்திரமாக இறங்குகிறார்களே" என்பது சான்று ஆகாது.

நேர்மாறாக, இந்த வாதமே விபத்தின் ஒரு காரணம். தலைமை விமானி அந்த ஓடுபாதையில் அத்தகைய வானிலையில் பலமுறை இறங்கியதால் வந்த மிகைநம்பிக்கை அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று அறிக்கையே சொல்கிறது. பத்திரமாக முடிந்த ஒவ்வொரு தரையிறக்கமும் அடுத்ததும் பத்திரமாகவே முடியும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. நிறுவனத்துக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் சொல்லிக்கொடுத்தது அதே பாடம்தான். பாதுகாப்பு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கலாம். தீர்ந்துபோகும் நாள்வரை எல்லாம் பத்திரமாகத்தான் தெரியும்.

தெரியாமல் நடந்துவிட்டது என்றும் சொல்ல வழியில்லை. மங்களூர் விபத்துக்குப் பிறகு அரசு அமைத்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் சென்னையைச் சேர்ந்த கேப்டன் மோகன் ரங்கநாதன். 2011-இலேயே அவர் எழுத்தில் எச்சரித்தார்: கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றோடு, 10-ஆம் முனையிலிருந்து விமானங்களை இறக்குவது பயணிகளின் உயிரோடு விளையாடுவது என்று. ஓடுபாதை, மழை, காற்றின் திசை, முனையின் எண் வரை ஒன்பது ஆண்டுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். 2019 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த நிலையத்தைச் சோதித்து, ஓடுபாதையில் விரிசல், ரப்பர் படிவு, நீர்த்தேக்கம் என்று குறைகளைப் பட்டியலிட்டு நிலைய இயக்குநரிடம் விளக்கம் கேட்டது. மறு ஆண்டு விபத்துக்கு அந்த விரிசல்களே காரணம் என்று நான் வாதாடவில்லை. கண்காணிக்க வேண்டியவர்களின் மேசையில் கோழிக்கோடு என்ற பெயர் பல ஆண்டுகளாகக் கிடந்தது என்றுதான் சொல்கிறேன்.

6. தவறு நடக்கும். தவறு நடந்தால் சாக வேண்டும் என்று விதி இல்லை.

2016 அக்டோபர் 27, நியூயார்க் லாகார்டியா விமான நிலையம். அதுவும் இரவு, அதுவும் மழை, அதுவும் போயிங் 737. ஓடுபாதை 7,001 அடி, கோழிக்கோட்டைவிடக் குறைவு. சக்கரம் தரை தொட்டது 4,200 அடிக்கும் அப்பால். அங்கேயும் விமானிகள் மேலேறியிருக்க வேண்டும், ஏறவில்லை. அமெரிக்க விசாரணை வாரியம் அதைத் தவறு என்றே எழுதியது. விமானம் ஓடுபாதையைத் தாண்டியது. உள்ளே 48 பேர். அவர்களில் ஒருவர் அப்போது துணை அதிபர் வேட்பாளராக இருந்த மைக் பென்ஸ். ஒருவருக்கும் காயமில்லை.

ஓடுபாதையின் முனைக்கு அப்பால் நொறுங்கும் கட்டிகளால் ஆன ஒரு படுகை அங்கே போடப்பட்டிருந்தது. நுரைபோல் காற்றறைகள் நிறைந்த சிமென்ட் கட்டிகள். மனிதர் நடந்தால் தாங்கும், விமானச் சக்கரம் ஏறினால் உடைந்து உள்வாங்கும். சக்கரம் புதையப் புதைய வேகம் குறையும். பொதுவாக 70 நாட் வேகத்தில் வரும் விமானத்தை நிறுத்தும்படி இதை வடிவமைக்கிறார்கள். லாகார்டியாவில் விமானம் வலப்புறமாக விலகி, இந்தப் படுகையின் ஒரு மூலை வழியாகப் போய் நின்றது.

கோழிக்கோட்டு விமானம் ஓடுபாதையை விட்டபோது இருந்த 84.5 நாட் வேகத்தை இப்படியொரு படுகை முழுதாக நிறுத்தியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளத்தின் அடியில் மோதியபோது மிஞ்சியிருந்த வேகம் 41 நாட். அந்த மிச்சத்தை வைத்துப் பார்த்தால், நிறுத்தும் படுகை வேண்டாத செலவு என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே இருந்தது 240 மீட்டர் பாதுகாப்புப் பரப்பு. அதையும் மேட்டில் கூடுதல் இடம் சேர்த்து உண்டாக்கவில்லை. 2,860 மீட்டராக இருந்த ஓடுபாதையை 2,700 மீட்டராகச் சுருக்கி உண்டாக்கினார்கள்.

இங்கே எதிர்ப்புறத்து வாதமொன்றையும் தள்ளிவிடுகிறேன். "மேட்டு ஓடுபாதைதான் கொன்றது, அதை மூடுங்கள்" என்று விபத்து நடந்த வாரத்தில் எழுந்த குரலும் பாதி உண்மைதான். ஓடுபாதை யாரையும் பாதிவரை பறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தவறுக்கும் சாவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுவது என்று தீர்மானிப்பது நிலத்தின் அமைப்பும் அதில் செய்த முதலீடும். லாகார்டியாவில் அந்தத் தூரத்தை விட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் விமானிகள் செய்த தவறு ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் 48 பேர் வீட்டுக்குப் போனார்கள், இன்னொன்றில் 21 பேரை அடக்கம் செய்தோம். விளைவு இவ்வளவு வேறுபடும்போது, தவறு ஒன்றுதான் விளைவுக்குக் காரணம் என்பது தர்க்கமாகாது.

7. பழியைப் பரப்பினால் பொறுப்பு கரையுமா?

இறந்தவர் மேல் பழியைப் போடுவதில்தான் பொறுப்பு கரைகிறது. அவரால் மறுக்க முடியாது, திருத்திக்கொள்ளவும் முடியாது. உயிரோடு பதவியில் இருக்கும் மற்றவர்கள் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 26-க்கு 1 என்று ஆள் போட்டவர், காற்றளவைக் கருவியின் இடத்தை ஏற்றுக்கொண்டவர், 2011 கடிதத்தைக் கோப்பில் வைத்தவர், மங்களூருக்குப் பிறகும் துணை விமானிகளின் பயிற்சியை மாற்றாதவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி உண்டு, அந்த நாற்காலிக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. அமைப்பின் தோல்வி என்று நான் சொல்லும்போது இந்த நாற்காலிகளைத்தான் சுட்டுகிறேன். அங்கே கேள்வி கேட்டால் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது.

விமான விபத்து விசாரணைக்கு உலக நாடுகள் ஒத்துக்கொண்ட விதி, சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றிய சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு. அதில் விசாரணையின் ஒரே நோக்கம் விபத்தையும் அசம்பாவிதத்தையும் தடுப்பது; பழியையோ பொறுப்பையோ சுமத்துவது நோக்கமல்ல. இந்தியா அதை ஏற்றுக்கொண்ட நாடு. இந்த விதி குற்றவாளியைக் காப்பாற்ற வந்ததென்று நினைக்க வேண்டாம். பழி விழும் என்று தெரிந்தால் ஓடுபாதையில் நூலிழையில் தப்பிய விமானி வாய் திறக்க மாட்டார், தப்புச் செய்த கட்டுப்பாட்டாளர் பதிவேட்டில் எழுத மாட்டார், துடைப்பானைச் சரியாகப் பார்க்காத பொறியாளர் பேச மாட்டார். அவர்கள் பேசாவிட்டால் அடுத்த விபத்தின் காரணங்கள் விபத்து நடந்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

அன்றிரவு கரிப்பூர், கொண்டோட்டிப் பக்கத்து மக்கள் கொரோனா பயத்தையும் கொட்டும் மழையையும் பாராமல் ஓடிவந்தார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தங்கள் கார்களில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைகளுக்குப் போனார்கள். தனிமைப்படுத்தப்பட வேண்டிவரும் என்று தெரிந்தே போனார்கள். தங்கள் பங்கு என்ன என்று அவர்கள் யாரிடமும் கேட்கவில்லை. அதே கேள்வியை நிர்வாகத்திலும் நிலையத்திலும் இயக்குநரகத்திலும் இருப்பவர்களிடம் நாம் கேட்டாக வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மங்களூர் அறிக்கையின் பரிந்துரைகளையும் கோழிக்கோடு அறிக்கையின் பரிந்துரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்தத் தேதியில் நிறைவேறியது, யார் நிறைவேற்றினார், எது இன்னும் நிறைவேறவில்லை, ஏன் என்று ஒரு பட்டியலை விமானப் போக்குவரத்து அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஒரு தளத்தில் எத்தனை துணை விமானிகளுக்கு எத்தனை தலைமை விமானிகள் என்ற கணக்கும், மேட்டு ஓடுபாதைகளின் முனையில் நிறுத்தும் படுகை போட எடுத்த முடிவும் அதில் இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும் ஒவ்வொருவரும், அவர்களுக்காக விமான நிலைய வாசலில் காத்திருக்கும் ஒவ்வொருவரும், உங்கள் தொகுதி உறுப்பினரிடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.